முப்பத்தெட்டு வீட்டுக் கைவெள்ளம்

பூதலிங்கம் பிள்ளையை அமரவிளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மாட்டு வண்டியில், இரண்டு பால் குடங்களுக்கு நடுவே உட்காரவைத்துவிட்டுத்தான் போன வாரம் நாம் அவரவர் வீட்டுக்குப் போனோம். பாவம், மனிதர் ஏழு நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவரை இறக்கிவிடுவோம்.

அவர் ஏன் அந்த வண்டியில் ஏறினார் என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. நெய்யாற்றின்கரைத் தாலூக் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர் பிள்ளை. எழுதி எழுதித் தேய்ந்த கை சும்மா இருக்க மாட்டாமல், மேலக்கோணத்தில் மாடு வைத்திருக்கும் முப்பத்தெட்டு வீடுகளைச் சேர்த்து ஒரு பால் சங்கம் தொடங்கி, அதற்குத் தாமே செக்ரட்டரியும் ஆனார். வீட்டுக்கு ஒரு நாழி, ஒன்றரை நாழி என்று மிஞ்சுகிற பாலைத் தனித்தனியே சுமந்துகொண்டு ஊர் ஊராக யார் நடப்பது? எல்லாவற்றையும் ஒரே குடத்தில் ஊற்றி ஒரே வண்டியில் ஏற்றினால் நெய்யாற்றின்கரை வரை போகும். இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. இதற்கு மூளை வேண்டாம், ஒரு வண்டி போதும் என்று அவர் மனைவி உமையம்மாள் அப்போதே சொன்னாள்.

நெய்யாற்றின்கரையில் உள்ள ஒரு தர்ம ஆசுபத்திரி காலையில் ஐம்பது நாழியும் மாலையில் முப்பது நாழியும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. பிள்ளை தம் கைப்பட ஒப்பந்தம் எழுதினார். சங்கத்துப் பாலில் ஒரு துளி தண்ணீரும் இராது என்பது ஆறாவது ஷரத்து. சங்கத்தில் சேர்ந்த வீடுகளின் பாலைத் தவிர வேறு பால் கலவாது என்பது ஏழாவது ஷரத்து. இரண்டையும் ஆசுபத்திரிக்காரர்கள் கேட்கவே இல்லை. காகிதத்தில் இடம் மிச்சம் இருந்தது, அவர் எழுதினார்.

அந்த ஆறாவது ஷரத்துதான் இப்போது அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆசுபத்திரிக்குப் பாலைச் சோதிக்க அந்த மாதம்தான் ஒரு கண்ணாடிக் குழல் வந்திருந்தது. அதைப் பாலில் விட்டால் மிதக்கும். குழலில் உள்ள சிவப்புக் கோடு பாலுக்கு மேலே நின்றால் நல்ல பால். கோடு முங்கினால் தண்ணீர் சேர்ந்த பால். ஒரே மாதத்தில், விட்டுப் பார்த்த இரண்டு தடவையும் கோடு முங்கிவிட்டது. மூன்றாவது தடவையும் முங்கினால் ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வந்தது.

பிள்ளை யோசித்தார். பால் அளக்கிற கொட்டகையில் அவரே நிற்கிறார். ஆசுபத்திரியில் குழல் நிற்கிறது. நடுவே இருப்பது வண்டிக்காரன் வேலாயுதனும் நெய்யாறும். ஆற்றில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் கொல்லம் ஆண்டு 1108, மார்கழி மாதத்து விடியலில், காவலுக்காகத் தாமே வண்டியில் ஏறினார்.

"பஸ்ஸுல வந்திருக்கலாமே, பிள்ளைவாள்" என்றான் வேலாயுதன்.

"சும்மா ஒரு காத்துக்காக்கும்" என்றார் பிள்ளை. மார்கழிக் காற்று அவர் காதைக் கடித்துக்கொண்டிருந்தது.

வேலாயுதன் பாலத்தின் மேல் மாட்டைச் சற்று வேகமாகவே ஓட்டினான். ஆற்றின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளைதான் பார்த்தார், போகிற வழியெல்லாம், ஆறு எழும்பி வந்து குடத்துக்குள் விழுந்துவிடுமோ என்பது போல.

ஆசுபத்திரிப் பின்கட்டில் கம்பவுண்டர் ராஜதாஸ் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். மருந்து கசக்கும் என்று சொல்லிவிட்டே கொடுக்கிற மாதிரியான ஆள். குடத்தின் வாயில் கட்டியிருந்த வாட்டிய வாழையிலையை அவிழ்த்து, ஒரு கண்ணாடி ஜாடியில் பாலை ஊற்றிக் குழலை விட்டார்.

சிவப்புக் கோடு ஒரு கணம் மேலே நின்றது. பிறகு, வெட்கப்பட்டது போல், மெல்ல முங்கியது.

"வழியில் யாராவது குடத்தைத் தொட்டார்களா?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

"ஒருத்தரும் தொடல்ல. நான் கூடவே இருந்தேன்."

"கொட்டகையில்?"

"அங்கயும் நானாக்கும் இருந்தேன்."

கம்பவுண்டர் பிள்ளையை நிதானமாகப் பார்த்தார். வேலாயுதனும் பார்த்தான். மாடுகூடத் திரும்பிப் பார்த்ததாகப் பிள்ளைக்குத் தோன்றியது. திருடனைப் பிடிக்க வந்த இடத்தில், திருட வாய்ப்பு இருந்த ஒரே ஆள் தாம்தான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டு நின்றார் அவர்.

ராஜதாஸ் பொல்லாதவர் அல்ல. பிள்ளை முகத்தில் இருந்த திகைப்பு நடிப்பில்லை என்று அவருக்குப் பட்டது. இதை மேலிடத்துக்கு எழுத வேண்டியது தம் கடமை என்றும், ஆனால் எழுதுவதற்கு மாலை வரை நேரம் இருக்கிறது என்றும் சொன்னார். மாலைப் பால் முப்பது நாழி, ஐந்து மணிக்குள், கோடு முங்காமல் வந்தால் காலையில் நடந்ததை அவர் மறந்துவிடுவார்.

திரும்பி வருகையில் பிள்ளை முன்னால், வேலாயுதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலிக் குடங்களுக்குக் காவல் தேவைப்படவில்லை. நாகர்கோவில் பஸ் ஒன்று தூசியை வாரி இருவர் மேலும் போட்டுவிட்டுப் போயிற்று. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு இருந்தது. சொல்ல வேண்டியது என்னவென்று தெரிந்ததால்தான் சொல்லாமல் வந்தார்.

ஒப்பந்தம் போனால் என்ன என்று கேட்கலாம். பிள்ளைக்குப் பென்ஷன் இருக்கிறது. ஆனால் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பாலை ஊற்றினார்கள். வண்டி நின்றால் பழையபடி அந்தப் பால் அவரவர் அடுக்களையிலேயே திரிந்து போகும். அதோடு, இந்தச் சங்கம் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று சொன்ன ஆள் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே இருந்தார். அது அவருடைய சொந்த அண்ணன்.

முத்துக்குமாரசாமி பிள்ளை தம்பியோடு பேசிப் பதினொரு மாதம் ஆகிறது. பாலை வீட்டில் குடிக்கலாம், கோயிலுக்குக் கொடுக்கலாம், கேட்டு வந்தவனுக்குச் சும்மா கொடுக்கலாம், ஆனால் நம் குடும்பத்தில் ஒருவன் அதை அளந்து விற்பதா என்பது அவர் கட்சி. சங்கம் பதிவான அன்று பேச்சை நிறுத்தினார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில், மதிலுக்கு நடுவே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஆண்கள் மதிலைப் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிள்ளை கஞ்சி குடிக்கவில்லை. தொழுவத்தின் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். உச்சி திரும்பியதும் உமையம்மாள் மாலைக் கறவைக்கு வந்தாள். கண்ணெதிரே கறந்து, கண்ணெதிரே சங்கத்துக்கான பித்தளைத் தூக்கில் ஊற்றினாள். அதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு துளசிச் செடியில் ஓர் இலையைக் கிள்ளினாள். குடத்திலிருந்து உள்ளங்கை நிறையத் தண்ணீர் எடுத்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, இலையும் தண்ணீருமாகத் தூக்குக்குள் விட்டாள்.

பிள்ளை தூணை விட்டு நிமிர்ந்தார்.

"என்னது அது?"

"எது?"

"நீ இப்பம் பாலுல வெள்ளம் ஊத்துனல்லா?"

"ஊத்தல்ல. கைவெள்ளம் வச்சேன்" என்றாள் உமையம்மாள், இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருப்பது போல. "வீட்டுப் பால் படி தாண்டும்பம் ஒரு கை வெள்ளம் வைக்காம எவளாவது விடுவாளா? வெறும் பாலா வெளிய போனா கண்ணு பட்டு பசுவுக்கு மடி வத்திரும்."

"இது நீ மட்டும் செய்யதா?"

"நல்லா கேட்டேளே. முப்பத்தெட்டு வீட்டுலயும் உண்டு. வேலாயுதனுக்க வீட்டுலயும் உண்டு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. முப்பது வருஷம் தாலூக்கில் எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் தரிசு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தம் வீட்டுப் பால் எப்படிப் படி தாண்டுகிறது என்று தெரிந்திருக்கவில்லை. அவர் மாட்டுக் கூளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்தார். கூளம் ஈரமாக இருந்ததைப் பிறகுதான் உணர்ந்தார்.

ஒரு வீட்டுக்கு ஒரு கை தண்ணீர் என்பது ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு செம்பு பால் கொடுத்தனுப்பினால் அதில் ஒரு கை தண்ணீர் யாருக்குத் தெரியப்போகிறது? காலம் காலமாக அப்படித்தான் கொடுத்தார்கள், வாங்கினார்கள். முப்பத்தெட்டுச் செம்பையும் ஒரே குடத்தில் கவிழ்க்க வேண்டும் என்று எவருக்கும் அதுவரை தோன்றவில்லை. ஒரே ஒரு அறிவாளிக்குத் தோன்றியது. அவர்தான் ஈரக் கூளத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் மனசு லேசாயிற்று. ஊரில் ஒரு திருடனும் இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் பசுவின் மேல் உள்ள பிரியத்தில் செய்தது. பிள்ளை எழுந்து போய்ச் சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தார். 'இதனால் சகல அங்கத்தினர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று முதல் பாலில் கைவெள்ளம் வைப்பது கண்டிப்பாக விலக்கப்பட்டிருக்கிறது' என்று அழகாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

சாயங்காலப் பால் கறக்கும் நேரம் நெருங்கியதால் பெண்கள் பலர் சாணி வாரப் போவதும் புல் கொண்டு வருவதுமாகக் கொட்டகை வழியே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தி அவர் சுற்றறிக்கையை வாசித்தார். கேட்டு முடித்ததும் பகவதியம்மாள், ஒற்றைப் பசுவை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள், தலையில் இருந்த புல்லுக்கட்டைக்கூட இறக்காமல் பதில் சொன்னாள்.

"எனக்க பசுவுக்கு மடி வத்தினா பிள்ளைவாள் வந்து கறப்பேளா? உங்க கடலாசுல கறக்க முடியுமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தண்ணீர் வைக்காமல் தாங்களும் பாலை விடப்போவதில்லை என்று சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் பிள்ளை வாதாடியிருப்பார். அவர்கள் பரிவோடு சொன்னார்கள், பசுவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு குழந்தைக்குச் சொல்வது போல. சங்கத்தில் தண்ணீரோடு பால் உண்டு, தண்ணீர் இல்லாவிட்டால் பாலே இல்லை என்ற இடத்தில் வந்து நின்றது காரியம்.

அப்போது பின்னால் வந்து நின்றாள் உமையம்மாள். கணவர் சுற்றறிக்கையோடு வெளியே போனால் கொஞ்ச நேரத்தில் தானும் போக வேண்டியிருக்கும் என்பது அவளுடைய முப்பது வருஷ அனுபவம்.

பாலைத் தண்ணீர் இல்லாமல் வெளியே விட முடியாதுதான் என்று அவள் ஒத்துக்கொண்டாள். பெண்கள் தலையாட்டினார்கள். ஆனால் தன் தாய்வீடு இருக்கும் ஒற்றசேகரமங்கலத்தில் பாலுக்குள் வைப்பதில்லை, பாலைச் சுமந்து போகிறவளுடைய காலில் விடுவார்கள், அங்கேயும் பசுக்கள் மடி வற்றாமல்தான் இருக்கின்றன என்றாள். பகவதியம்மாள் யோசித்தாள். யோசிக்கும்போது புல்லுக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"இங்க பாலைச் சுமக்கது வண்டியில்லா?" என்றாள் ஒருத்தி.

"அப்பம் வண்டிக்குக் காலு எது?" என்று கேட்டாள் உமையம்மாள்.

எல்லோரும் வேலாயுதனுடைய வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

உமையம்மாளின் தாய்வீட்டில் உண்மையாகவே அப்படி ஒரு பழக்கம் உண்டா என்று இன்றுவரை யாரும் போய் விசாரித்ததில்லை. பிள்ளையும் விசாரிக்கவில்லை. சுற்றறிக்கையை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

இரண்டரை மணிக்குப் பால் வரத் தொடங்கியது. ஒவ்வொருத்தியும் தூக்கைக் கொடுத்துவிட்டு, மற்ற கையில் கொண்டு வந்திருந்த சிரட்டைத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, துளசி இலையோடு சக்கரத்தின் மேல் விட்டாள். சிலர் இடது சக்கரம், சிலர் வலது சக்கரம். தன் பசுவுக்கு இடது கொம்பு வளைவு, அதனால் இடது சக்கரம்தான் சரி என்று பகவதியம்மாள் பத்து நிமிஷம் விளக்கம் சொன்னாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதன் சக்கரங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றான் வேலாயுதன்.

பிள்ளை பூரித்துப்போய் அளந்துகொண்டிருந்தார். நாழி நிறைய நிறையக் குரல் உயர்ந்தது. இருபத்திமூன்று, இருபத்திநான்கு, இருபத்தைந்து என்று போய், இருபத்தாறில் நின்றது.

அவர் தூக்குகளைக் கவிழ்த்துப் பார்த்தார். முப்பத்தெட்டும் காலி. நேற்றுவரை முப்பது நாழிக்கு ஒரு சொட்டுக் குறைந்ததில்லை.

பெண்கள் தங்கள் காலிச் சிரட்டைகளைப் பார்த்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. பத்துக் கை சேர்ந்தால் ஒரு நாழி. அந்த நாலு நாழிதான் இப்போது சக்கரத்திலிருந்து வடிந்து மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. சங்கத்தைத் தொடங்கியபோது முப்பது நாழி தேறும் என்று பிள்ளை கணக்கிட்டதே தண்ணீரோடு சேர்ந்த கணக்கு. தப்பான பாலைக் கொண்டுபோனால் ஒப்பந்தம் போகும். சரியான பாலைக் கொண்டுபோனாலும் போகும். தாலூக் கச்சேரியில்கூட இப்படி ஒரு சிக்கலில் அவர் மாட்டிக்கொண்டதில்லை.

"போட்டும். இருக்கதைக் கொண்டு போவோம்" என்றார். குடத்தின் வாயைக் கட்ட இலையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் உமையம்மாள்.

"என்னத்துக்கு?"

"நாலு நாழி குறையும்னு நான் உச்சைக்கே பாத்தேன். கிணத்தடியில அக்காகிட்ட சொல்லியாச்சு."

அக்கா என்றது பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாளை, அண்ணனின் மனைவியை. அந்த வீட்டில் மூன்று பசுக்கள், குடிக்க இரண்டே பேர். பிள்ளை தலையை ஆட்டினார். மைனி கொடுத்தாலும் அண்ணன் விடமாட்டார். அவருக்குத் தெரியாமல் மதிலுக்கு மேலே கைமாறிய பாலைத் தாமும் வாங்கமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

முத்துக்குமாரசாமி பிள்ளை வந்துகொண்டிருந்தார். கோயிலுக்குப் போகிறவர் போல் கரை வேஷ்டி, தோளில் நேரியல், நெற்றி நிறைய நீறு. இடது கையில் ஒரு செப்புக் குடம். வலது கையில் மூக்கு வைத்த கிண்டி. ஆள் வைத்து அனுப்பியிருக்கலாம். அவர் வீட்டுப் பெண்கள் ரோட்டுக்கு வந்து தண்ணீர் விடுவதில்லை, அந்த வீட்டுப் பால் தண்ணீர் காட்டாமல் படி தாண்டுவதும் இல்லை, ஆகவே அவரே வந்துவிட்டார்.

தம்பியைப் பார்க்கவில்லை. குடத்தை வண்டித் தட்டில் வைத்தார். குனிந்து, கிண்டியைச் சாய்த்து, வலது சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை, ஒரு ஆரக்காலையும் விடாமல், தண்ணீரை மெல்ல விட்டார். அவர் ஒரு காரியத்தைச் செய்தால் அதில் குறை கண்டுபிடிக்க முடியாது. அது அந்தக் குடும்பத்துக்கே உள்ள வியாதி.

பிறகு நிமிர்ந்து வண்டிக்காரனைப் பார்த்தார்.

"வேலாயுதா, உங்க செக்ரட்டரிகிட்ட சொல்லு. இது விலைக்கு இல்ல. ஆசுபத்திரியில கெடக்க பாவப்பட்டவங்களுக்காக்கும். எனக்க வீட்டுப் பால்னு ஒரு எடத்துலயும் பேரு வரப்பிடாது."

செக்ரட்டரி மூன்று அடி தள்ளி நின்றார். வேலாயுதன் முகத்தில் ஒரு ரேகைகூட அசையாமல் அவர் பக்கம் திரும்பினான்.

"பெரியபிள்ளைவாள் சொல்லுது, இது விலைக்கு இல்லியாம். பேரு வரப்பிடாதாம்."

"வராதுன்னு சொல்லு" என்றார் பூதலிங்கம் பிள்ளை.

"வராதாம்" என்றான் வேலாயுதன் இந்தப் பக்கம் திரும்பி.

அண்ணன் தலையசைத்தார். போகிற போக்கில் மாட்டின் திமிலைத் தட்டி, "ரோட்டுல குழி உண்டு, பாத்துப் போ" என்றார். பதினொரு மாதத்தில் தம்பி காதில் நேராக விழுந்த முதல் வார்த்தை அது. மாட்டுக்குச் சொன்னதுதான். இருந்தாலும் வண்டியில் தம்பியும் இருக்கப்போகிறார் என்பது மாட்டுக்குத் தெரியாமல் இருக்காது.

வண்டி புறப்பட்டு அரை மைல் போன பிறகுதான் பிள்ளைக்கு ஏழாவது ஷரத்து நினைவுக்கு வந்தது. சங்கத்தில் சேராத வீட்டின் பால் நாலு நாழி குடத்தில் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஷரத்தை எழுதிய கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டார்.

பாலத்தில் ஏறும்போது ஒருவாறு தொண்டையைச் செருமினார்.

"எலே வேலாயுதா, காலையில நான் வண்டியில ஏறுனது காத்துக்கு இல்லடே."

"தெரியும்."

"எனக்கு உன்மேல..."

"அதும் தெரியும். குடத்துக்கு இடையில இருந்தப்பமே தெரியும். எனக்க வீட்டுலயும் ஒரு கை வைக்கதுண்டு. பிள்ளைவாளுக்கு அறியாம இருக்குமான்னு நினைச்சேன்." அவன் மாட்டின் வாலைத் தொட்டான். "பிள்ளைவாள் படிச்ச ஆளாச்சே."

பிள்ளை சிரித்துவிட்டார். சிரித்தபோது கண்ணில் ஏதோ விழுந்தது. பஸ் எதுவும் அந்த நேரம் போகவில்லை.

நாலே முக்காலுக்கு ஆசுபத்திரி. ராஜதாஸ் இலையை அவிழ்த்தார். ஜாடியில் ஊற்றினார். குழலை விட்டார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். வேலாயுதன் அவருக்கும் சேர்த்துப் பார்த்தான்.

"நிக்குது, பிள்ளைவாள்" என்றான் அவன்.

சிவப்புக் கோடு பாலுக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்கு, அசையாமல் நின்றது. கம்பவுண்டர் நம்பாமல் ஒரு சொட்டை எடுத்துப் பெருவிரல் நகத்தில் விட்டார். சொட்டு ஓடவில்லை, முத்துப் போல் இருந்த இடத்தில் இருந்தது. முதல் தடவையாக அவர் சிரித்தார். காலைக்கும் மாலைக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்டார். வண்டியைக் கழுவினோம் என்றார் பிள்ளை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு கம்பவுண்டர் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தார். நோயாளிகளின் வீட்டார் எந்த ஊர்ப் பால், யார் வீட்டுப் பால் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அதனால் பால் தருகிற எல்லா வீட்டுக்காரர்களின் பெயரையும் ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி ஆசுபத்திரி வாசலில் மாட்டப்போகிறார்கள். தச்சன் பலகையை அறுத்தே கொடுத்துவிட்டான்.

"இன்றைய பாலில் யார் யார் வீட்டுப் பால் இருக்கிறதோ அத்தனை பேரும் வரவேண்டும், மிஸ்டர் பிள்ளை. ஒன்றுகூட விடக்கூடாது. நாளைக் காலைப் பாலோடு பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதினால் தப்பே இருக்காது."

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரம். உமையம்மாள் எதுவும் கேட்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காப்பி கொண்டு வந்து வைத்தாள். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"அது வீட்டுக்குள்ள குடிக்கது. அதுல வைக்கதில்ல" என்றாள் அவள்.

அவர் ஒரு முழுக் காகிதத்தை எடுத்து, பட்டியலை எழுதத் தொடங்கினார். பகவதியம்மாளில் தொடங்கி, வேலாயுதன் வரை, முப்பத்தெட்டுப் பெயர். கையெழுத்து கோலம் போட்டது போல் விழுந்தது. முப்பத்தொன்பது என்று எண்ணைப் போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். பெயரை எழுதினால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்குப் போகும். எழுதாவிட்டால் ஆசுபத்திரிக்குக் கொடுக்கிற பட்டியல் பொய்யாகும். எழுதி, அது வாசலில் தொங்கி, அண்ணன் ஒரு நாள் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்தால்?

பேனா நுனியில் மை திரண்டு நின்றது, கம்பவுண்டர் நகத்தில் நின்ற பாலைப் போல.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் கிணற்று ராட்டினம் ஒரு தடவை கிரீச்சிட்டது. அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை.

"எலே பூதம்."

சின்ன வயதுக்குப் பிறகு அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். பிள்ளை எழுந்த வேகத்தில் மேல்துண்டு தரையில் விழுந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"பால் தேறிச்சா?"

"தேறிச்சு. கோடு ஒரு விரலுக்கு மேல நின்னுது."

 உமையம்மாள் அடுக்களை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கத்து அடுக்களை வாசலிலும் ஒருத்தி அப்படித்தான் நின்றிருப்பாள்.

"மத்த வீட்டுப் பாலும் கலந்துதானே நின்னுது?"

"ஓம். ஆனா கம்பவுண்டர் ஒரு வார்த்தை சொன்னான், இந்தக் குடத்துல ஏதோ ஒரு வீட்டுப் பால் ரொம்பக் கட்டின்னு."

கம்பவுண்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை அதைக் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். காலையிலிருந்து எல்லா ஷரத்தையும் மீறியாகிவிட்டது, இன்னொன்று என்ன?

ராட்டினம் மறுபடியும் கிரீச்சிட்டது. அண்ணன் அதில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது.

"காலம்பற வண்டி எத்தற மணிக்காக்கும் வரும்?"

"அஞ்சு மணிக்கு, அண்ணாச்சி."

"உம்" என்றது மதில்.

பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்தார். முப்பத்தொன்பதாவது வரி, எண்ணோடு, காலியாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் காலையில் அண்ணனிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை ரசித்துக் குடித்தார்.